"அமைதியா இருக்காரு" என்று சொன்னார்கள்

போன மாதம் திண்டிவனத்திலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். அரசு மருத்துவமனையில் என்னோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். நான் மருந்து கொடுக்கும் ஜன்னலில், அவர் பதிவேட்டு அறையில். அவருடைய அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. மறதி நோய் வந்து நான்கைந்து வருஷமாகிறது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் ஒரு முதியோர் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"இப்ப ரொம்பப் பரவாயில்ல சார். முன்ன மாதிரி கத்தறதில்ல. கேட்டாண்ட போய் நிக்கறதில்ல. ஏதோ ஒரு மாத்திரை குடுக்கறாங்களாம். நல்லா அமைதியாயிட்டாங்க. சாப்பாட்டு நேரத்துக்குக் கூட எழுப்பித்தான் ஊட்டணுமாம்."

நல்ல செய்தி சொல்லும் குரலில்தான் சொன்னார். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்று தைத்தது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை, இதே சந்தோஷத்தோடு, நான் என் அண்ணன் பிள்ளைகளுக்குப் போனில் சொல்லியிருக்கிறேன். அப்போது நான் செய்த தவறை இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்த கோயில் இங்கேதான் இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், பிரமன், ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் எடுப்பித்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆரம்பப் பள்ளி ஆசிரியர். தன் வகுப்புப் பிள்ளைகளை வருஷா வருஷம் அங்கே கூட்டிப்போய் வாயிற்காவலர் சிலைகளுக்கு நடுவில் உட்கார வைத்து, "எதெது இல்லாம?" என்று கேட்பார். பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும். நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன்தான்.

பள்ளிக்கூடம் போக மீதி நேரமெல்லாம் அவருக்குக் கொல்லை. இரண்டு ஏக்கர் மானாவாரி. மல்லாட்டை போடுவார். (வெளி மாவட்டத்துக்காரர்களுக்கு: நிலக்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம்.) காய் முற்றும் பருவத்தில் சாயங்காலமானால் காவலுக்குப் போய்விடுவார். இல்லையென்றால் பன்னி பூந்து எல்லாவற்றையும் கிளறிவிடும்.

எழுபத்து மூன்று வயதில் அவருக்கு மறதி தொடங்கியது. வயசாயிடுச்சு, அப்படித்தான் என்று இருந்துவிட்டோம். அண்ணி இருந்தவரை எப்படியோ ஓடியது. 2016இல் அண்ணி போனபிறகு நிலைமை கைமீறிவிட்டது. பெரியவன் சென்னையில், சின்னவன் துபாயில். பெரியவன் வீட்டில் எட்டு மாதம் வைத்திருந்தார்கள். அந்த எட்டு மாதமும் மருமகள் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கவில்லை. அந்தப் பெண்ணை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். கடைசியில் 2017இல் ஒரு காப்பகத்தில் சேர்த்தோம். சுத்தமான இடம். நல்ல மனிதர்கள். அதன் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போவது அந்த ஒரு காப்பகத்தின் கதை இல்லை.

அங்கே தினமும் சாயங்காலம் நான்கு மணியானால் அண்ணன் எழுந்துவிடுவார். "கொல்லைக்குப் போவணும், பன்னி பூந்துடும்" என்று கேட்டைப் பிடித்து ஆட்டுவார். தடுத்தால் கோபம் வரும். ஒருநாள் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் கையைக் கடித்துவிட்டார். மறதி நோய்க்காரர்களுக்கு அந்தி சாயும் நேரத்தில் இப்படிக் குழப்பம் கூடுவது உலகம் பூராவும் உள்ளதுதான். எங்களுக்கு அப்போது அது தெரியாது. காப்பகத்துக்கு வாரம் ஒருமுறை வரும் டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். ரிஸ்பெரிடோன். அரை மில்லிகிராம். அது போதவில்லை என்று ஒன்று. அப்புறம் இரண்டு.

"சார், இப்ப உங்க அண்ணன் அமைதியா இருக்காரு" என்றார்கள். எனக்கு உயிர் வந்தது மாதிரி இருந்தது.

இதில் என் குற்றம் எங்கே என்றால், அந்த மாத்திரை அட்டையை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். நான் முப்பத்தாறு வருஷம் மருந்தாளுநராக இருந்தவன். ஊரில் இன்னும் என்னை கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரிஸ்பெரிடோன் மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கிற மருந்து என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய தலைமுறை மருந்தான ஹாலோபெரிடாலை நானே பல நூறு பேருக்கு ஜன்னல் வழியாகக் கொடுத்திருக்கிறேன். மனச்சிதைவு இல்லாத என் அண்ணனுக்கு இது எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்கவேண்டியவன் நான். கேட்கவில்லை. கேட்டால், "அப்படின்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மாத்திரை அண்ணனுக்கு, நிம்மதி எங்களுக்கு.

மூன்று மாதத்தில் அண்ணன் கூன் விழுந்து, காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்க ஆரம்பித்தார். வாயில் எச்சில் ஒழுகியது. சோற்றைக் கையில் எடுத்தால் வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்தியது. கை நடுங்குகிறது என்று சொன்னதும் அதற்கு இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள். டிரைஹெக்சிபெனிடில். முதல் மாத்திரை உடம்பை இறுக்கும். இரண்டாவது மாத்திரை அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால் அது ஞாபகசக்தியை மேலும் குறைக்கும், மலச்சிக்கல் தரும், சிறுநீரை அடைக்கும். மறதி நோய்க்காரருக்கு மறதியைக் கூட்டும் மருந்து! இதுவும் எனக்குத் தெரியும். இதற்கும் சும்மா இருந்தேன். ஒரு விடியற்காலையில் குளியலறைக்குப் போகும்போது விழுந்து நெற்றி கிழிந்து ஆறு தையல் போட்டார்கள்.

தையல் போட்ட இடத்தில் இருந்த ஒரு இளம் பெண் டாக்டர்தான் முதன்முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டார். "இந்த மருந்தை யார், எதுக்காக ஆரம்பிச்சாங்க? எப்ப நிறுத்தறதா பிளான்?" எங்களில் ஒருவருக்கும் பதில் இல்லை. சீட்டைப் பார்த்தால் பதினொரு மாதம் ஆகியிருந்தது.

*

இனி மருந்தைப் பற்றிக் கொஞ்சம். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஓய்வு பெற்றவனுக்கு நேரம் இருக்கிறது, குற்ற உணர்ச்சி இருப்பவனுக்குப் படிக்கும் வேகமும் இருக்கிறது. படித்ததைச் சொல்கிறேன்.

2005 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஓர் எச்சரிக்கை விடுத்தது. மறதி நோயுள்ள முதியவர்களிடம் இந்தப் புதிய ரக மனநோய் மருந்துகளைச் சோதித்த 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்து சாப்பிட்டவர்களில் சாவு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 1.6லிருந்து 1.7 மடங்கு இருந்தது. சுமார் பத்து வாரத்தில், ஆயிரம் பேருக்கு 26 பேர் இறக்கும் இடத்தில் 45 பேர். பெரும்பாலும் இதயக் கோளாறு, இல்லாவிட்டால் நிமோனியா மாதிரி தொற்று. மருந்துப் பெட்டிக்குள் வரும் காகிதத்தில் கறுப்புக் கட்டம் போட்டு இதை அச்சிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். 2008இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் அதே கட்டம் வந்தது.

2009இல் இங்கிலாந்து அரசுக்காக பேராசிரியர் சுபே பானர்ஜி ஓர் அறிக்கை கொடுத்தார். அந்த நாட்டில் வருஷத்துக்கு 1,80,000 மறதி நோயாளிகளுக்கு இந்த மருந்து போகிறது. அதில் ஓரளவு பலன் அடைபவர்கள் 36,000 பேர்தான். இந்த மருந்தால் கூடுதலாக வருஷத்துக்கு 1,800 பேர் இறக்கிறார்கள், 1,620 பேருக்குப் பக்கவாதம் போன்ற மூளை ரத்தக்குழாய்ப் பாதிப்பு வருகிறது என்று கணக்குப் போட்டார். இந்த மருந்து எழுதுவதை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கலாம் என்றார்.

அதே வருஷம் வெளியான இன்னோர் ஆய்வுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. காப்பகங்களில் ஏற்கெனவே இந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த 165 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து தொடர்ந்தது. மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. இரண்டு வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 46, நிறுத்தியவர்களில் 71. மூன்று வருஷத்தில் 30க்கு 59.

எந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு, பலன் பெரிதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது நியாயம்தான். பலன் பெரிதாக இல்லை என்பதுதான் விஷயம். 2006இல் அமெரிக்காவில் 421 நோயாளிகளிடம் மூன்று மருந்துகளைச் சோதித்துவிட்டு, கிடைக்கும் நன்மையைப் பக்கவிளைவே சாப்பிட்டுவிடுகிறது என்று முடிவு சொன்னார்கள். அலைவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, ராத்திரி கூப்பிடுவது, இதற்கெல்லாம் இந்த மருந்துகளிடம் வைத்தியம் கிடையாது. தூக்கம் வரவைக்கும், கைகால் ஓயும். ஆள் அலையாததால் நோய் தணிந்ததாக நமக்குத் தோன்றும்.

இவை தேவையே இல்லையா? அப்படிச் சொல்லமாட்டேன். தன்னையோ மற்றவரையோ நிஜமாகவே காயப்படுத்தும் அளவுக்கு வெறி வந்தால், இல்லாத ஆட்களைப் பார்த்துப் பயந்து துடித்தால், மற்றதெல்லாம் செய்து பார்த்து முடியாதபோது, குறைந்த அளவில் குறைந்த காலத்துக்குக் கொடுக்கலாம் என்றுதான் எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. இங்கிலாந்தின் வழிகாட்டி ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது மறுபடி பார்க்கச் சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், மருந்து கேட்டிருந்தாலும் நான்கு மாதத்துக்குள் குறைத்து நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது. என் அண்ணனுக்குப் பதினொரு மாதம் ஒருவரும் பார்க்கவில்லை. மருந்து கொடுத்ததைவிட, கொடுத்ததை மறந்துபோனதுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. மறதி நோய் யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

*

அந்தப் பெண் டாக்டர் ஒரேயடியாக நிறுத்தவில்லை. (இதைப் படிக்கும் யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள். டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.) கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கூடவே மற்றதையும் பார்த்தார். கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து ஈறைக் குத்திக்கொண்டிருந்தது. வாய் திறந்து சொல்லத் தெரியாத மனிதருக்கு வலி வந்தால் என்ன செய்வார்? கத்துவார், கடிப்பார். நார்வே நாட்டில் 18 காப்பகங்களில் 352 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். 2011இல் வெளிவந்தது. மறதி நோயால் கொந்தளிப்பாக இருப்பவர்களுக்கு முறையாக வலி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோருக்குச் சாதாரண பாராசிட்டமால்தான். எட்டு வாரத்தில் கொந்தளிப்பு 17 சதவீதம் குறைந்தது. காய்ச்சலுக்கு நான் எண்ணி எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்த அதே பாராசிட்டமால்!

பல்லைப் பிடுங்கினோம். மலச்சிக்கலுக்கு வழி செய்தோம். காது கேட்கும் கருவியின் பேட்டரி தீர்ந்து எத்தனை மாதமாயிற்றோ, அதை மாற்றினோம். நான்கு மணிப் பிரச்சினை மட்டும் பாக்கி இருந்தது. அதைத் தீர்த்தது டாக்டர் இல்லை, நானும் இல்லை. எந்தப் பெண்ணின் கையை அண்ணன் கடித்தாரோ அதே பெண். அவளும் கொல்லை வேலை தெரிந்த வீட்டுப் பெண். "பெரியவரு காவலுக்குப் போவணும்னு தானே சொல்றாரு, போவட்டும்" என்று சாயங்காலம் மூன்றரைக்கே கையைப் பிடித்துக் காம்பவுண்டு சுவரோரம் இரண்டு சுற்று சுற்றி வருவாள். பிறகு ஒரு முறம் நிறைய மல்லாட்டையை முன்னால் வைத்துவிடுவாள். உட்கார்ந்து உடைத்துக்கொண்டே இருப்பார். பருப்பு தனி, தோல் தனி. இருட்டும்வரை அதே வேலை. கேட்டை ஆட்டுவது முழுசாக நிற்கவில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் வரும், போகும். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது.

மருந்தை நிறுத்தியபின் அண்ணனுக்கு ஞாபகம் திரும்பிவிட்டது என்று நினைக்காதீர்கள். அப்படியெல்லாம் நடக்கவில்லை. கூன் நிமிர்ந்தது, எச்சில் நின்றது, தன் கையால் சாப்பிட்டார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, நம்மூர்க் கோயில்ல எதெது இல்லாம?" என்று கேட்டேன். மல்லாட்டை உடைப்பதை நிறுத்தாமலே, "செங்கல் இல்லாம, மரம் இல்லாம, இரும்பு இல்லாம, சுண்ணாம்பு இல்லாம" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சரி, இதுதான் சமயம் என்று, "நான் யாருண்ணா?" என்று கேட்டேன். பக்கத்து ஊரில் எப்போதோ மாடு வியாபாரம் செய்த ஒருவர் பெயரைச் சொல்லி, "பாக்கிய எப்ப குடுக்கப்போற?" என்றார். 2020 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். கடைசி ஒன்றரை வருஷம் அவர் அவராக இருந்தார். முதல் பதினொரு மாதத்தை நான் திருடினேன்.

*

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் என்ன நடந்தது என்று என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். நாடே கொதித்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2023 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில், அன்பு ஜோதி ஆசிரமம் என்ற காப்பகத்தைப் பற்றி எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அது உரிமம் இல்லாமல் நடந்தது ஊருக்கே தெரிந்தது. 140க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. குற்றச்சாட்டுகளை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

இரும்புச் சங்கிலியைக் கண்டால் நமக்குக் கோபம் வருகிறது. பூட்டிய கேட்டைக் கண்டால் வருகிறது. ஆனால் உரிமத்தோடு, சுத்தமாக, பினாயில் வாசனையோடு நடக்கும் இடத்தில், காலையும் இரவும் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையால் ஒருவரைக் கட்டிலோடு கட்டினால் கோபம் வருவதில்லை. அதற்குப் பெயர் வைத்தியம். ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பு பற்றி 2018லிருந்து 2021 வரை விசாரித்த அரச ஆணையம் இதை "மருந்தால் கட்டுவது" என்றே பெயர் சொல்லிக் கண்டித்தது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஞாபகமும் இடம் காலம் அறியும் சக்தியும் கடுமையாகக் கெடுவதையும் மனநோய் என்ற விளக்கத்துக்குள் வைத்திருக்கிறது. 97ஆவது பிரிவு, ஒருவரைத் தனியாக அடைக்கவே கூடாது, ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகக் கட்டிப்போடவும் கூடாது என்கிறது. அருமையான வரி. ஆனால் அது பேசுவது உடம்பைக் கட்டுவதைப் பற்றி. மாத்திரையால் கட்டுவதைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. மேலும், முதியோர் இல்லம் என்று பெயர்ப்பலகை மாட்டிய பல இடங்கள் இந்தச் சட்டத்தின் கண்ணிலேயே படுவதில்லை.

நான் காப்பகக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அண்ணன் இருந்த இடத்தில் முப்பத்திரண்டு பேருக்கு ராத்திரி இரண்டே பேர். ஒருவர் கட்டிலை நனைத்துவிட்டார், இன்னொருவர் விழப்போகிறார், மூன்றாமவர் கேட்டை ஆட்டுகிறார் என்றால் அந்த இரண்டு பெண்கள் என்ன செய்வார்கள்? மாத்திரை ஒரு ஆள் சம்பளத்தைவிட மலிவு. கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கில் நாமும் பங்காளிகள். மாதக் கட்டணத்தில் ஆயிரம் ரூபாய் ஏற்றினால் சண்டைக்குப் போகும் நாம், மாத்திரை ஏற்றினால் கேட்பதில்லை.

குறைக்க முடியுமா? முடிந்திருக்கிறது. இங்கிலாந்தில் கணக்கெடுத்தபோது, மறதி நோயாளிகளில் இந்த மருந்து வாங்குபவர்கள் 2006இல் 17 சதவீதமாக இருந்தது 2011இல் 7 சதவீதமாக இறங்கியிருந்தது. அமெரிக்காவில் 2012இல் ஓர் இயக்கமாக எடுத்தார்கள். காப்பகங்களில் நீண்டநாள் இருப்பவர்களில் சுமார் 24 சதவீதம் பேர் வாங்கிக்கொண்டிருந்தது சில வருஷங்களில் 15க்குப் பக்கத்தில் வந்தது. எந்தக் காப்பகத்தில் எத்தனை சதவீதம் என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

அதில் ஒரு கள்ளத்தனமும் நடந்தது. மனச்சிதைவு நோயாளிகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. உடனே சில காப்பகங்களில் எண்பது வயதுப் பாட்டிகளுக்கெல்லாம் திடீரென்று மனச்சிதைவு வந்துவிட்டது, காகிதத்தில்! 2023இல் அதைத் தணிக்கை செய்ய ஆரம்பித்தார்கள். கொரோனா காலத்தில் இங்கிலாந்தில் இந்த மருந்து மறுபடி கூடியது. பார்க்க வரும் உறவுகளைக் கதவுக்கு வெளியே நிறுத்தியபோது மாத்திரை உள்ளே போனது. சட்டம் மட்டும் போதாது, நாமும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழுக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் இருக்கிறார்கள். அங்கேயும் இந்த மாத்திரை இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் எழுதிய சீட்டை மடித்து மடித்துக் கிழிந்த நிலையில் நீட்டுவார்கள், கடைக்காரர் அட்டையை எடுத்துக் கொடுப்பார். நானும் ஜன்னலில் இருந்தபோது அந்தச் சீட்டுகளைப் பார்த்து, தேதியைக் கேட்காமல் எண்ணிக் கொடுத்தவன்தான்.

அரசிடம் நான் கேட்பது மூன்றே விஷயம். ஒன்று, முதியவர்களை வைத்துப் பார்க்கும் ஒவ்வோர் இடமும், எத்தனை பேருக்கு இந்த மருந்து போகிறது என்று மாவட்ட நிர்வாகத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். எண்ணாத எதுவும் குறையாது. இரண்டு, இந்த மருந்தை எழுதும் சீட்டில் தொடங்கும் தேதியோடு மறுபரிசீலனைத் தேதியும் இருக்க வேண்டும். மூன்று, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வருஷத்துக்கு நான்கு முறை இந்த இல்லங்களுக்குப் போய் மருந்துப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாக நீரிழிவு மாத்திரை கொண்டுபோகும் அரசால் இது முடியாத காரியமா?

உங்களிடம் கேட்பது அதைவிடச் சுலபம். அப்பாவோ அம்மாவோ காப்பகத்தில் இருந்தால், அடுத்த முறை போகும்போது பழமும் ஹார்லிக்ஸும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் நான்கு கேள்வி: இது எதற்கு? யார் ஆரம்பித்தது? என்ன தேதி? எப்போது நிறுத்திப் பார்க்கப்போகிறீர்கள்? நடை மாறியிருக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா, பகலெல்லாம் தூங்குகிறாரா என்று பாருங்கள். பல், காது, மலம், சிறுநீர், வலி ஐந்தையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அவர் எந்த நேரத்தில் தவிக்கிறார், அந்த நேரத்தில் அவர் முன்பு என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று யோசித்துப் பார்க்கும் பெண்ணிடம் சொல்லுங்கள். அதை நம்மைத் தவிர யாரும் சொல்ல முடியாது. என் அண்ணன் மல்லாட்டைக் கொல்லைக்குக் காவல் இருந்தவர் என்று நான்தான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

சின்ன வயதில் அந்தக் குகைக் கோயிலைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புரிந்ததில்லை. கோயில் கட்டினேன் என்று சொன்னால் போதாதா, எதெல்லாம் இல்லாமல் கட்டினேன் என்று ராஜா ஏன் எழுதி வைத்தான்? இப்போது கொஞ்சம் புரிகிறது. அது இல்லாமல் முடியாது, இது இல்லாமல் முடியாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

திண்டிவனத்து நண்பருக்கு அன்றைக்கே நான் திரும்பப் போன் செய்து அந்த நான்கு கேள்விகளையும் சொன்னேன். முதலில் கொஞ்சம் வருத்தப்பட்டார். "இப்பதான் சார் நிம்மதியா தூங்கறோம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து அவரே கூப்பிட்டார். காப்பகத்தில் போய்க் கேட்டிருக்கிறார். மாத்திரையை யார் எழுதியது என்று தேடிக்கொண்டிருக்கிறார்களாம், சீட்டு கிடைக்கவில்லையாம். அடுத்த வாரம் அம்மாவை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகிறார். என்னையும் வரச் சொன்னார். போகிறேன்.

போவதற்கு முன் ஒன்று கேட்டேன். "சாயங்காலம் கேட்டாண்ட நின்னு உங்கம்மா என்ன சொல்வாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பள்ளிக்கூடம் விட்டுப் புள்ளைங்க வந்துடும்னு சொல்வாங்க சார். என்னையும் தங்கச்சியையுந்தான்."